போனக்காட்டுக்குப் போகாத தோட்டா

போன வாரப் பத்தியில் ஒரு தப்பு செய்துவிட்டேன். கோட்டை வாசலில் நின்ற போலீஸ்காரர் தோளில் '303 துப்பாக்கி' தொங்கியது என்று எழுதியிருந்தேன். நாகர்கோவில் வாசகர் ஒருவர் உடனே கார்டு போட்டுவிட்டார். '303 அல்ல, .303 என்று எழுத வேண்டும். முன்னால் புள்ளி இல்லையென்றால் துப்பாக்கியின் வாய் முந்நூற்று மூன்று அங்குலம் என்றாகும். அதற்குள் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். கவனிக்கவும்.'

நியாயம்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய புள்ளி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. சாம்பாரிலிருந்து சர்க்கார் வரை எல்லாவற்றையும் இந்தப் பத்தியில் எழுதியாயிற்று. இதை மட்டும் இத்தனை வருஷமாக ஒளித்து வைத்திருந்தேன்.

பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் நான் சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையில் குமாஸ்தா. முன்பக்கம் ஆணி, தாழ்ப்பாள், வாளி. பின்கட்டில், கம்பிக் கதவுக்கு உள்ளே, துப்பாக்கியும் தோட்டாவும். பின்கட்டு என் ராஜ்யம்.

தோட்டாவுக்குப் பெயர் வைப்பதில் எத்தனை சங்கதி இருக்கிறது தெரியுமா? வேட்டைத் துப்பாக்கியில் 'பன்னிரண்டு போர்' என்பது குழாயின் அளவு; பன்னிரண்டு அங்குலம் அல்ல. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அதில் ஒன்று குழாயில் சரியாகப் போகும் – அவ்வளவுதான். அதற்குப் புள்ளி வைக்கக் கூடாது. ரைஃபிளுக்கு வைத்தே ஆக வேண்டும். .450/.400 என்று ஒன்று உண்டு. .450 தோட்டாவின் கூட்டை, அதாவது மருந்து அடைத்த பித்தளை உறையை, கழுத்தில் நெருக்கி .400 குண்டைப் பொருத்தியது. இரண்டுக்கும் முன்னால் புள்ளி, நடுவில் சாய்கோடு. அதிலும் மூன்றங்குலக் கூடு வேறு, மூன்றேகால் அங்குலக் கூடு வேறு. ஒன்றுக்கு இன்னொன்று ஆகாது.

இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட் அடித்தவனுக்குக் கர்வப்பட வேறு என்ன இருந்தது, சொல்லுங்கள்?

ஒரு தடவை தப்பான தோட்டா போய்த் திரும்பி வந்ததிலிருந்து முதலாளி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். சந்தேகம் இருந்தால் ஆர்டரைத் திருப்பி அனுப்பிக் கேட்டுக்கொள்ள வேண்டும். 'சந்தேகம் இருந்தால்' – அதுதான் அவர் சொன்னது. நான் அந்த நிபந்தனையை நைசாகக் கழற்றிவிட்டேன். சரியாக எழுதாத கடிதம் எதுவானாலும், சிவப்புப் பென்சிலால் திருத்தி வந்த வழியே அனுப்பிவிடுவேன். பள்ளிக்கூட வாத்தியார் ஆகாத குறையை அப்படித் தீர்த்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் செல்லையா, அங்கே கணக்கு எழுதும் ரைட்டர். துரை லீவில் சீமைக்குப் போயிருக்கிறார், ஒற்றை யானை ஒன்று கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வந்து போகிறது, விரட்ட வெடி போடலாம் என்றால் தோட்டா தீர்ந்துவிட்டது, '450-400 தோட்டா பத்து' உடனே அனுப்பவும் என்று எழுதியிருந்தார்.

புள்ளி இல்லை. சாய்கோடு இல்லை. கூட்டின் நீளமும் இல்லை.

அந்தத் தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு ரைஃபிள். எங்கள் கடையில் வாங்கியது. மூன்றங்குலக் கூடு. லைசென்ஸ் நகல் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அதைத் திறக்கக்கூட வேண்டாம், எனக்கு மனப்பாடம்.

இருந்தும் என்ன செய்தேன்? இரண்டு புள்ளி வைத்தேன். சாய்கோடு போட்டேன். 'கூட்டின் நீளம் குறிப்பிட்டு முறையாக எழுதவும்' என்று அடிக்கோடிட்டுத் தபாலில் சேர்த்தேன். அன்றைக்கு மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை செல்லையாவே நேரில் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சட்டையெல்லாம் செம்மண். ஒரு காகிதத்தை நீட்டினார். .450/.400, மூன்றங்குலம், பத்து. ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"இப்பதான் அண்ணாச்சி சரியா எழுதியிருக்கீங்க" என்றேன்.

அவர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க கடுதாசி வியாழக்கிழமை வந்துது. நீளத்துக்கு எங்க போக? வெள்ளிக்கிழமை பூராவும் காலிக் கூடு தேடுனோம். காவக்கார மாடசாமிதான் புதருக்குள்ள கெடந்த ஒண்ணை எடுத்தாந்து குடுத்தாரு, அளக்கதுக்கு. சனிக்கிழமை பெரட்டுல ஆள் எண்ணிக்கிட்டு இருக்கும்போது யானை வந்துட்டு. பொம்பளைகளும் பிள்ளைகளும் நின்ன எடம். மாடசாமி வெறும் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு முன்னால ஓடுனாரு, சத்தம் போட்டுக்கிட்டு."

மாடசாமி என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"எங்ககிட்ட இருக்கது ஒரே துப்பாக்கிதான். இங்க வாங்குனது. எதுன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியாது" என்றேன். கடை ரூல் அப்படி என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார். பத்துத் தோட்டாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார். யானை இன்னும் அந்தக் காட்டில்தானே இருந்தது!

அந்த வருஷமே கடையை விட்டேன். தப்பைத் தப்பு என்று சொல்லத்தான் வேண்டும், புள்ளியைப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் வைக்கத்தான் வேண்டும். தோட்டா விஷயத்தில் இன்னும் ஜாஸ்தியாகவே. சந்தேகத்தோடு கேட்டிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டு, தெரியாதவன் மாதிரி கேட்டேன் பாருங்கள்... திருத்துகிற கைக்கு ஒரு ருசி உண்டு. அந்த ருசிக்காகத்தான் கேட்டேன். எதிரில் ஒரு மனிதன் அவசரத்தில் நிற்கிறான் என்பது அப்போது கண்ணில் படுவதே இல்லை.

மாடசாமிக்கு மனைவி இருந்தாளா, பிள்ளைகள் உண்டா என்றுகூட நான் விசாரிக்கவில்லை. போனக்காடு இங்கிருந்து ஒரு நாள் பயணம். ஒரு தடவையாவது போயிருக்கலாம். பயமாக இருந்தது, போகவில்லை.

செல்லையா அண்ணாச்சி, இந்தப் பத்திரிகை உங்கள் மலைக்கு வருகிறதோ என்னவோ. எனக்குத் தெரியும்... அன்றைக்கே தெரியும்.