கழற்றிக் கழுவும் பல்

சாப்பாட்டுக் கடைக்காரிக்கு நாக்குதான் முதலாளி. மேல்வரிசைப் பற்களை மொத்தமாகப் பறிகொடுத்துவிட்டு, பல்செட்டோடு அடுப்படியில் நிற்கிற சக பாவிகளே, இது உங்களுக்காக. மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் நான் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன்.

சாம்பாருக்குக் கருமாதி

மேல்வரிசைச் செட் அண்ணத்தையும் சேர்த்து மூடிவிடும், சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. ருசி பாதிதான் வந்து சேரும். ஒரு நாள் சாம்பாரில் உப்புப் பற்றவில்லையே என்று போட்டுக்கொண்டே இருந்தேன். ருசி பார்க்க ஓர் ஆள் வைக்கலாம் என்றார் என் கணவர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்தவர் நாக்கை நம்பிச் சமைப்பதற்கு நான் எதற்கு?

அன்று மத்தியானம் டாக்சி ஓட்டும் முனியாண்டி வந்தார், தினமும் வருகிறவர். சாப்பாடு திருப்தி என்றால் இலையைத் தன் பக்கம் மடிப்பார்கள். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில். முனியாண்டி எதிர்ப்பக்கம் மடித்தார். "தப்பா நினைக்காதீங்கக்கா. இன்னிக்கு உங்க சாம்பாருக்குக் கருமாதிலா."

செருப்பா, பல்லா?

பல் டாக்டர் சீனப் பெண். புந்தோங்கில் வளர்ந்ததால் தமிழ் சரளம். மேல்தாடை எலும்பில் நான்கு திருகு வைக்கலாம், அதன்மேல் இரண்டு வழி உண்டு என்றார். ஒன்று, பல் வரிசையை அப்படியே முடுக்கிவிடுவது. டாக்டர்தான் கழற்ற முடியும். இன்னொன்று, சொடுக்கென்று மாட்டுவது, நானே கழற்றலாம். எனக்கு இரண்டிலுமே அண்ணம் திறந்திருக்கும் என்றதும் போன உயிர் வந்தது.

கணவர் முடுக்குகிற கட்சி. வீடு வந்து சேரும்வரை அதே பாட்டு. "பல்லுன்னா வாயிலயே கிடக்கணும்லா. வாசல்ல கழட்டி விட அது என்ன செருப்பா?"

மீன் குழம்புப் பரீட்சை

எதையும் சட்டியில் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை. டாக்டரிடம் பழைய மாதிரிகள் இரண்டைக் கெஞ்சி வாங்கிவந்து மீன் குழம்பில் ஊறப் போட்டேன். இரண்டும் மஞ்சள் பூத்துவிட்டன. கழற்றுகிறதைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தேன், சுத்தமானது. முடுக்குகிறது தாடை அச்சோடு முடுக்கியே இருந்ததால் அதன் அடியில் பிரஷ் நுழையவில்லை. அதற்கென்று நூலும் தண்ணீர் பீச்சுகிற கருவியும் இருக்கின்றன, பொறுமையாகச் செய்தால் அதுவும் சுத்தமாகும் என்றார் டாக்டர். பொறுமைக்கு நான் எங்கே போவேன்? கழற்றிக் கழுவ முடியாத பாத்திரத்தைக் கடைக்கே வாங்காதவள், வாய்க்கு வாங்குவேனா? மாட்டுகிறதுதான் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் மாதிரிகளை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். "சரிக்கா, உங்க இஷ்டம். ஆனா இது பல்லு, மீன் இல்ல. இனிமே குழம்புல போடாதீங்க."

ரசம்

திருகுகள் எலும்பைப் பிடிக்கும்வரை மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு, அதாவது பழைய செட்டைக் கடித்துக்கொண்டு, காத்திருந்தேன். புதுப் பல் மாட்டிய மறுநாள் ரசத்தை உள்ளங்கையில் ஊற்றி வாயில் விட்டேன். புளி, மிளகு, பெருங்காயம் எல்லாம் தனித்தனியாக வந்து அண்ணத்தில் உட்கார்ந்தன. யாரையும் கேட்காமல் உப்புப் போட்டேன்.

அன்று மத்தியானம் முனியாண்டி வந்து சாப்பிட்டார். நான் கரண்டியோடு அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலையைத் தன் பக்கமாக மடித்தார். உடனே மறுபடி விரித்தார். "அவசரப்பட்டு மடிச்சிட்டேன்க்கா. இன்னும் கொஞ்சம் சோறு வச்சு, ரசம் ஊத்துங்க."

இப்போதெல்லாம் கடை மூடும்போது நான் கடைசியாகக் கழுவி வைக்கிற பாத்திரம் என் பல்தான்.