அம்மான் ஊர்க் கல்படியில் என் மகனோடு

என் மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் நான் ஏரோப்ளேன் ஏறினேன். அப்பா செத்ததுக்கு ஏன் வரவில்லை என்று. மற்றபடி அந்த ஊரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அவர் செத்தபோது புவனகிரியில் எங்கள் வீட்டு வாசலில் ரெண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இப்போதெல்லாம் அப்படித்தான். மாலை போட வந்தவர்கள் எல்லாரும் பெட்டியைப் பார்த்துவிட்டு, பிள்ளை எப்ப வரான் என்று என்னைக் கேட்டார்கள். கம்பெனியில் லீவு தரவில்லை என்று நானாகத்தான் சொன்னேன். பிள்ளை வராத சாவு என்று தெருவில் பேச விடுவேனா. மூன்றாம் நாள் காலையில் அவர் அண்ணன் மகன் கொள்ளிக்குடம் தூக்கினான்.

தலை திவசம் முடிந்ததும் மகன் டிக்கெட் அனுப்பினான். அவன் இருப்பது ஜோர்டான் தேசத்தில் அம்மான் என்கிற ஊர். துணி கம்பெனியில் சூப்பர்வைசர். பெண்டாட்டி அங்கேயே நர்ஸ். கடலூர் ஓல்டு டவுனில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அவளைக் கட்டிக்கொண்டதில்தான் அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றது. "என் பொணத்துக்குக்கூட வராத" என்று இவர் போனில் சொன்னபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கும் கோபம் இருந்தது.

போய்ப் பத்து நாள் ஆகியும் கேட்க வாய் வரவில்லை. மருமகள் என்னிடம் நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு டூட்டி, இவனுக்கு லீவு. பழைய கட்டடம் ஒன்று காட்டுகிறேன் என்று அழைத்துப் போனான்.

ஊருக்கு நட்டநடுவில், டாக்சியும் பஸ்ஸும் போகிற ரோட்டை ஒட்டி, மலைச்சரிவை வெட்டிக் கல்படி கட்டியிருக்கிறார்கள். ரோமாபுரிக்காரர்கள் ஆண்ட காலத்தில் கூத்துப் பார்க்கக் கட்டினதாம். பாதிக் கிணறு மாதிரி வளைந்து மேலே மேலே போகிறது. அத்தனை பழைய கல்லைப் பார்த்ததும், சிதம்பரத்தில் கோபுர வாசலில் விடுகிற மாதிரி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டேன். சீட்டு கிழிக்கிறவன் சிரித்தான்.

"கோயில் இல்லம்மா, போட்டுக்க" என்றான் மகன்.

திரும்ப மாட்டினால் விவரம் தெரியாமல் கழற்றினது ஆகிவிடும். இருக்கட்டும் என்று வெறுங்காலோடு ஏறினேன். கார்த்திகை மாசக் குளிர். கல் உள்ளங்காலைக் கடித்தது. பாதி உயரத்துக்கு மேல் முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கீழே நடுவில் தரையில் ஒரு கல். அதன்மேல் நின்று ஒரு வெள்ளைக்காரன் தன் பெண்டாட்டியோடு சாதாரணமாகப் பேசினான். என் காதண்டை வந்து பேசுகிற மாதிரி கேட்டது. மைக் இல்லாத காலத்தில் அப்படிக் கட்டியிருக்கிறார்கள், அந்த இடத்தில் நின்று பேசினால் கடைசிப் படி வரைக்கும் கேட்கும் என்று மகன் சொன்னான். நம்ம ஊர் திரௌபதியம்மன் கூத்தில் நாலு ஸ்பீக்கர் கட்டியும் பின்னால் இருக்கிறவனுக்கு ஒரு எழவும் விளங்காது என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட்டேன்.

"அப்ப லீவு குடுக்கலியாப்பா?"

"குடுத்தாங்கம்மா. டிக்கெட்டும் போட்டுட்டேன்."

ஏர்போர்ட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியோடு கிளம்பி, போகாமல், அன்று பூராவும் இந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தானாம்.

"வராதன்னு சொன்ன மனுஷன். உசுரோட இருந்தவரைக்கும் வான்னு ஒரு வார்த்த சொல்லல. அப்புறம் எந்த மொகத்தோட வரது? கடைசியா அவரு சொன்னதயாவது கேப்போம்னு இருந்துட்டேன்."

நான் அதோடு விட்டிருக்கலாம். தெருவுக்குப் பொய் சொன்னவள்தான் நான். பெற்ற பிள்ளை அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது முடியவில்லை. சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் அவர் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தார். அந்த வாயாலேயே, பையன் வந்துட்டானா, பையன் வந்துட்டானா என்று கேட்டார். போன் போடட்டுமா அண்ணி என்று என் கொழுந்தனும் கேட்டார். நாமாகக் கூப்பிடக் கூடாது, அவனாக விசாரித்து வரட்டும் என்று தடுத்தவள் நான். அவர் பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"ஒங்கப்பா கூப்புட்டாருப்பா. நாந்தான் ஒனக்குச் சொல்லல."

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எத்தினி நாளு கெடந்தாரு?" என்று கேட்டான்.

"மூணு நாளு."

"ஒரு நாள் போதும்மா நான் வந்து சேர."

எழுந்து கீழே இறங்கிப் போனான். போனைக் காதில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் நடந்தான். நடந்தவன் அந்தக் கல்மேல் வந்து நின்றுவிட்டான். அங்கே பேசினால் மேலே எனக்குக் கேட்கும் என்பது இருந்த நிலையில் அவனுக்கு நினைவில்லை. மெதுவாகத்தான் பேசினான்.

"இந்த வாரமே அம்மாவ அனுப்பிச்சிடலாம். என்னால மொகத்தப் பாக்க முடியல."

மருமகள் அந்தப் பக்கம் எனக்காக என்னவோ சொல்லியிருக்கிறாள். "நீ அவுங்களுக்குப் பரிஞ்சு பேசாத. டிக்கெட் மட்டும் பாரு" என்றான்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவன் ஒவ்வொரு படியாக ஏறி வந்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் என் எதிரில் நின்றான். என்னைப் போகச் சொல்கிற வேலையை அவனுக்கு நான் வைக்கவில்லை.

"இந்தக் குளிரு எனக்கு ஒத்துக்கலப்பா. ஊருக்குப் போவணும், டிக்கெட் போடு" என்றேன்.

சரி என்றான். இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன் என்று ஒரு பேச்சுக்குக்கூட அவன் வாயில் வரவில்லை.