அக்காவுக்கு எங்கே அடி?

எங்கள் ராஜபாளையம் நாய்க்குப் பேர்போன ஊர். வெள்ளை நிறம், ஒட்டிய வயிறு, ஒரு பிடிக்குள் அடங்குகிற இடுப்பு. குட்டி வாங்க வருகிற வெளியூர்க்காரர்கள் விலாவைத் தடவி, வயிறு உள்வாங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். எண்பதுகளின் கடைசியில் எங்கள் அக்காவுக்கு மாப்பிள்ளை தேடியபோது வந்தவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தார்கள். விலாவைத் தடவவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா குண்டு இல்லை. இன்று நான் இருக்கிற இருப்புக்கு அன்றைய அக்காவை ஒல்லி என்றே சொல்லுவேன். ஆனால் என் பக்கத்தில் நிறுத்தினால் கோயில் யானைகூடக் கொஞ்சம் இளைத்தாற்போலத்தான் தெரியும். ஆகவே என் சாட்சி செல்லாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு நல்ல வரனோடு வந்தாள். மாப்பிள்ளைக்கு பஜாரில் சொந்தமாக இரும்புக் கடை; ஒரே ஒரு தங்கை. அவருடைய அம்மா ஏதோ ஒரு கல்யாணத்தில் அக்காவைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

"பொண்ணு லெச்சணம்தான், கொஞ்சம் பூசினாப்ல இருக்குன்னாக. வேற ஒண்ணும் சொல்லல" என்றாள் அத்தை.

வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாளே வீட்டில் கொள்ளு வேக ஆரம்பித்தது. அக்காவுக்குக் காலையில் கொள்ளுத் தண்ணீர், மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி ஒன்றுமில்லை. அவள் தட்டில் குறைந்த இட்லிகள் வீணாகப் போகலாமா? என் தட்டுக்கு வந்தன. அவள் இளைக்க இளைக்க நான் பருத்தேன். வீட்டின் மொத்த எடை அப்படியே இருந்தது.

அக்கா குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி நிற்பாள். "என்னட்டி?" என்பாள் அம்மா. "ஒண்ணுமில்ல" என்பாள் அக்கா. அம்மாவுக்கு இரண்டு பயங்கள் இருந்தன. மகள் மயங்கி விழுவாளோ என்பது ஒன்று. வரன் தட்டிப்போகுமோ என்பது இன்னொன்று. இரண்டாவது பயம்தான் எப்போதும் ஜெயித்தது. எனக்கு இருந்தது ஒரே பயம். அக்காவுக்கு ஏதோ வியாதி, என்னிடம் மறைக்கிறார்கள்.

அந்தச் சந்தேகத்தை உறுதிசெய்தது எங்கள் குடும்பத் தொழில். அப்பா பேண்டேஜ் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஓட்டுக் கொட்டகை ஒன்று, அதில் சில தறிகள், அவற்றின் சத்தத்தை மீறிக் கத்துகிற அப்பா. வெளுத்து வந்த துணியைச் சுருட்டுவது வீட்டுப் பெண்களின் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் உட்கார வேண்டும். எங்கே துணியின் முனை தொங்கினாலும் கை தானாகப் போய்ச் சுருட்டும். "தரையில படாமச் சுருட்டணும் தாயி. அடிபட்டவங்களுக்குப் போற துணி" என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஆண்டாள் கோயிலில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. கோயிலென்றால் பெண்ணை நடக்கவிட்டு முன்னும் பின்னும் பார்க்கலாம். பஜ்ஜி செலவும் இல்லை. நாள் நெருங்கியது. கொள்ளு தன்னால் ஆனதைச் செய்துவிட்டு ஓய்ந்திருந்தது. கிளம்புகிற காலையில் அம்மா கதவைச் சாத்தினாள். அவள் கையில் இருப்பதிலேயே அகலமான பேண்டேஜ் ரோல்.

"மூச்சை உள்ள இழுட்டி."

நான் ரோலைப் பிடித்துக்கொள்ள, அக்கா பம்பரம்போல மெதுவாகச் சுற்றினாள். பாவாடைக்கு மேலே இடுப்பிலும் வயிற்றிலும் சுற்று ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் அம்மா ஓர் ஊக்கைக் குத்தி, அதற்குமேல் சேலையைக் கட்டிவிட்டாள்.

"அம்மா, அக்காவுக்கு எங்க அடி?" என்று கேட்டேன்.

"வாய மூடு. அங்க வந்து எதையாவது ஒளறுன, தோலை உரிச்சிருவேன்."

ஆக, அடி பலமானதுதான் என்று முடிவுசெய்தேன்.

பஸ்ஸில் சீட்டுக் காலியாக இருந்தும் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்புட்டு எடம் கெடக்கே, உக்காருங்கக்கா" என்றார் கண்டக்டர். அக்கா சிரிக்கப் பார்த்தாள். அதற்கும் வயிறு வேண்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை நான் அவள் சேலையில் ரத்தம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

கோயிலில் அத்தையோடு அவர்கள் காத்திருந்தார்கள். முதலில் மாப்பிள்ளையின் தொந்தி வந்தது, பின்னால் மாப்பிள்ளை வந்தார். அதைப்பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. ஆண்பிள்ளையின் தொந்தி வசதியில் சேர்த்தி. அவருடைய தங்கை அக்காவைவிட வயதில் சின்னவள். தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டவளை அவளுடைய அம்மா ஒரு பார்வை பார்க்க, தொன்னை அப்படியே என் கைக்கு வந்துவிட்டது. அந்த நாட்களில் யார் சாப்பிடாவிட்டாலும் லாபம் எனக்குத்தான்.

அக்கா நடந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலும் பின்னாலுமாக நடந்தார். அம்மாவின் முகம் லேசாகத் தெளிய ஆரம்பித்தது. அப்போதுதான் கண்ணாடிக் கிணறு வந்தது. ஆண்டாள் மாலையைச் சூடி அழகு பார்த்த கிணறு.

"எட்டிப் பாரும்மா. இங்க வாரதுக அம்புட்டும் பாக்கும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா எங்கேயோ பார்த்தாள். அக்கா பலகைபோல நின்று, பிறகு குனிந்தாள்.

ஊக்கு விட்டுக்கொண்டது. சேலைக்குக் கீழே, அவள் கால் பக்கத்தில், வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. கட்டு அவிழ்ந்தால் அக்காவுக்கு என்ன ஆகும்? அதற்குள் என் கை தன் வேலையைத் தொடங்கியிருந்தது. தொன்னையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, துணி தரையில் படாமல், அப்பா சொல்லிக்கொடுத்தபடி இறுக்கமாகச் சுருட்டினேன். சுருட்டச் சுருட்ட வந்துகொண்டே இருந்தது. நிமிர்ந்தபோது எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன இது? கட்டா?" மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் குரல் மாறிவிட்டது. "பொண்ணுக்கு வயித்துல ஆபரேசன் எதுவும் ஆயிருக்கா?"

அம்மா அத்தையைப் பார்த்தாள். ஆபரேஷன் என்றால் அக்காவுக்கு அப்புறம் கல்யாணமே இல்லை. இல்லையென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

"சுளுக்கு" என்றாள் அத்தை.

"சுளுக்கு இல்லைங்க" என்றாள் அக்கா. "ஒங்க கண்ணுக்குக் குண்டாத் தெரியக் கூடாதுன்னு சுத்துனது."

சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டாள். அவ்வளவு நீளமான மூச்சை நான் அதுவரை கேட்டதில்லை. பிறகு அங்கேயே தூணில் சாய்ந்து உட்கார்ந்து, "அந்தத் தொன்னைய இங்க தாட்டி" என்று வாங்கி, பொங்கல் முழுவதையும் தின்றாள். எனக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை. மாப்பிள்ளையின் தங்கை அவளை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜாதகம் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. அதுவரை பிரமாதமாகப் பொருந்திய ஜாதகம்தான். அதோடு வீட்டில் கொள்ளும் நின்றுபோயிற்று. அக்கா பின்னாளில் வேறொரு வீட்டுக்கு, பூசினாப்லவே வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

அவள் கல்யாணத்துக்கு முன்னால் அத்தை ஒருநாள் மறுபடியும் வந்தாள். அம்மாவின் காதருகே குனிந்து பேசினாள். அம்மா முதலில் விறைத்தாள், பிறகு எழுந்துபோய் இரண்டு ரோல்களைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். அகலமானவை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் அத்தையோடு நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அதே இரும்புக் கடைக்காரர் வீடு. மாப்பிள்ளையின் அம்மா பொட்டலத்தை வாங்கிச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராக" என்று அத்தையிடம் மெதுவாகச் சொன்னார். பின்னால் கதவைப் பிடித்தபடி அந்தத் தங்கை நின்றாள்.

நான் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். அடி தலையில் இல்லை, கையில் இல்லை, காலில் இல்லை. நன்றாகத்தான் நின்றாள். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில், நிஜமாகவே அடிபட்ட யாரோ ஒருவர் இந்தத் துணிக்காகக் காத்துக் கிடக்க, நாங்கள் அதைத் தெரியாமல் இங்கே கொடுத்துவிட்டோமே என்ற பயத்தோடுதான் பஸ் ஏறினேன்.