அகரம் குளத்துக் கலங்கல்

போன வாரம் மழை விட்டதும் வீட்டுக் குழாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. மனைவி வாளியைக் கவிழ்க்கப் போனாள். நான் குனிந்து மோந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சேறும் பாசியும் கலந்த அந்த வாடை இருக்கிறதே, அது என்னை நேராக அகரம் பக்கத்துக் குளத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வறண்ட வருஷங்கள் கழிந்து குளம் நிறைந்திருந்த நேரம். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. உடன் வேலை பார்த்த ஆரோக்கியத்துக்கு விரால் மீன் என்றால் பைத்தியம். சிங்கப்பூரில் இருந்த அவர் தம்பி தூண்டிலில் இரையாக மாட்டும் பிளாஸ்டிக் மீன்கள் அனுப்பியிருந்தார். புழு, தவளை எதுவும் வேண்டாம். வயிற்றில் முள், வாலில் குட்டித் தகடு. மஞ்சள் நிறத்தில் ஒன்றை எனக்குத் தந்தார்.

"கலங்கல்ல விராலுக்குக் கண்ணு தெரியாது சார். தகடு அதிர்றதுதான் தெரியும். மெதுவா இழுங்க."

மெதுவாக இழுத்து இழுத்து, அதுவரை நான் பிடித்ததெல்லாம் கோரைப்புல்தான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து ஆரோக்கியம் நேராக வந்திருந்தார். கரையில் இரண்டு மாடுகள் ஈரத்தோடு நின்றன, பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு. ஆளைக் காணோம். எங்காவது ஒதுங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். செத்த நேரத்தில் தூக்குவாளியோடு ஒரு பெண் வந்தார்.

"சார், எங்க வீட்டுக்காரரப் பாத்தீகளா? மாடு குளிப்பாட்ட வந்தாரு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது என் தூண்டில் நரம்பு இறுகியது. இழுத்தால் வந்தது, ஆனால் துள்ளவில்லை. மீன் அப்படி வராது. பழுப்புத் தண்ணீருக்குள் நீலக் கட்டம் போட்ட துணி தெரிந்தது. என் கை நின்றுவிட்டது.

"இழுங்க சார்" என்றார் அந்தப் பெண். குரல் உயரவே இல்லை.

இழுத்தேன். கைலி மட்டும்தான்.

"அவரோடதுதான்."

ஆரோக்கியம் சட்டையோடு இறங்கினார். நீச்சல் தெரியாத நானும் இடுப்பளவு இறங்கிக் காலால் சேற்றைத் துழாவினேன். மெத்தென்று எது பட்டாலும் காலை இழுத்துக்கொண்டேன். எதுவும் தட்டுப்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடுவது எப்படியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோரைக்கு அந்தப் பக்கமிருந்து, இடுப்பில் துண்டோடு ஒருவர் கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். மிரண்டு எதிர்க்கரைக்கு நீந்திவிட்ட கன்றைத் துரத்தியதில் கைலி நழுவிப் போயிருக்கிறது.

"என்ன சார், சட்டையோட குளிக்கிறீக?"

அந்தப் பெண் திட்டவில்லை. அப்படியே கரையில் உட்கார்ந்தார். "கஞ்சி ஆறிருச்சு, வாங்க" என்று மட்டும் சொன்னார். தூக்குவாளி மூடியை இழுத்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கணவர்தான் வாங்கித் திறந்தார்.

அதற்குப் பிறகு நான் தூண்டிலைத் தொடவில்லை. ஆரோக்கியம் மாற்றலாகித் திருச்சிப் பக்கம் போனார். சில வருஷங்களில் இறந்தும் போனார். குளத்துக்கு வரும் ஓடையை மூடி பிளாட் போட்டுவிட்டார்கள். போன மாதம் அந்த வழியாகப் போனேன். குளத்தின் நடுவில் லாரியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பயந்து பயந்து கால் வைத்த இடமெல்லாம் டயர்த் தடம் காய்ந்து கிடந்தது.