அப்பாவின் பின்ரயர்

வண்டிச் சக்கரத்து ரயர் எப்படி அதிரும், எவ்வளவு சத்தம் போடும் என்று கணினியில் கணித்து, அந்தச் சத்தத்தைக் குறைப்பது என் வேலை. ரயரில் ஒரு புடைப்பு இருந்தால் சுற்றுக்கு ஒருமுறை தட்டும். இதை நான் படிப்பதற்கு முன்பே எங்கள் அம்மா அறிந்திருந்தார்.

அது பொருளாதாரத் தடைக் காலம். யாழ்ப்பாணத்தில் புது ரயர் குதிரைக் கொம்பு. அப்பாவுக்குச் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் வேலை. புத்தூரிலிருந்து சைக்கிளில் போய் வருவார். பின்ரயர் வெடித்த இடத்தில், உள்ளே பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து நைலோன் நூலால் தைத்திருந்தார். அவர் வீட்டுக்கு வரும் ஒழுங்கைத் தொங்கலில் திரும்பும்போதே 'டொக், டொக்' என்று கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா அவருக்குத் தேநீர் போடக் கேத்திலை அடுப்பில் வைப்பார். எனக்கோ அந்தச் சத்தம் பெரிய வெட்கக்கேடு.

எங்கெங்கோ அலைந்து நல்ல ரயரொன்று தேடிப்பிடித்து, ஒருநாள் காலையில் நானே மாட்டிவிட்டேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு. அன்று பின்னேரம் வானத்தில் பொம்மர் சுற்றியது. சாவகச்சேரிப் பக்கம் குண்டு விழும் சத்தம் கேட்டது. அம்மா குசினியில் அடுப்பருகே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். பொழுதும் பட்டுவிட்டது, டொக்கைக் காணோம். அப்பா ஓசைப்படாமல் வந்து குசினி வாசலில் நின்றதும் அம்மா ஓவென்று அழுதார். பிறகு என்மேல் பாய்ந்தார்.

"உந்த ரயரைக் கழட்டடா! எனக்குப் பழசுதான் வேணும்."

மறுநாளே கழற்றினேன்.

அப்பா போய்ப் பல வருடங்கள். அண்மையில் ஒருநாள் அவருடைய எடை, ரயரின் அளவு, அந்தத் துண்டின் தடிப்பு எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்து அந்தச் சத்தத்தை உண்டாக்கினேன். ஊரிலிருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் போட்டுக்காட்டினேன்.

"ஆருடைய சைக்கிள் எண்டு தெரியுதோ அம்மா?"

"ஓம், சைக்கிள் அதுதான். ஆனா உது அவர் இல்லை. அவர் ஒழுங்கைக்குள்ளை வந்தா மிதிக்கமாட்டார். உருளவிட்டெல்லோ வருவார்."

எனக்கு அது தோன்றவேயில்லை. வேகம் மெல்லக் குறையும்படி மாற்றி மறுபடி போட்டேன். தட்டலுக்கும் தட்டலுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போய், வீட்டு வாசல் படலையடியில் நின்றது. நான் அழுதுவிட்டேன்.



"பொறு பிள்ளை," என்றார் அம்மா. "ஒருக்கால் கேத்திலை வைச்சிட்டு வாறன்."