ஓடி ஜெயித்துவிட்டு வந்து படுத்த சுகந்தி அக்கா

சுகந்தி அக்கா இறந்துவிட்டார். நேற்று மதியம். என்னால் இன்னும் நம்ப முடியவில்லை...

இருபத்திரண்டு வயது. மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட் லாண்டரியில் என்னோடு வேலை செய்தவர். நானூறு மீட்டர் ஓடுவார். ஒன்பது வயதிலிருந்து தினமும் இன்சுலின் ஊசி.

நான் இங்கே எழுதுகிற ஆள் இல்லை. மற்றவர்கள் போடுவதற்கு லைக் மட்டும்தான். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

பத்தாவதோடு பள்ளியை விட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அக்கா பெட்ஷீட் மூட்டைக்குப் பின்னால் நின்று வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"இன்னாடி, ஊசி எனுக்கு... வேர்க்குறது உனுக்கா?"

ஷிஃப்டுக்கு முன்னால் கடற்கரை மணலில் பிராக்டிஸ். போனில் டைம் பார்ப்பது என் வேலை. ஓடி முடித்ததும் விரலில் குத்திப் பார்ப்பார். ஒன்றும் சாப்பிடாமலே சுகர் ஏறியிருக்கும்.

"ஓடினா கொறையணும்தானே அக்கா?"

"மெதுவா ஓடினா கொறையும். உசுரக் குடுத்து ஓடினா ஒடம்பு பயந்துகினு உள்ள கீற சர்க்கரைய எல்லாம் கொட்டிடும். அத்தப் பாத்து ஊசி போட்டேன்னு வையி... அப்பால சர்ருனு எறங்கிடும்."

அதனால் ஒரு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் குத்திப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

ஒருநாள் ஒரே தலையணை உறையை நாலு தடவை மடித்தார். கூப்பிட்டால் முறைத்தார். சுகர் இறங்கிவிட்டது என்று புரிந்தது. கெஸ்ட் ரூம் டீத் தட்டிலிருந்த சர்க்கரைப் பாக்கெட்டுகளைக் கிழித்து அவர் வாயில் கொட்டினேன். என் விரலைக் கடித்துவிட்டார்.

தெளிந்ததும், "நானா கடிச்சேன்? சாரிடி... ஆனா கெஸ்ட்டு சர்க்கரைய திருடினத சூப்பர்வைசராண்ட சொல்றேன் இரு" என்றார்.

நேற்று செங்கல்பட்டில் மாவட்ட செலக்‌ஷன். காலை ஓட்டத்தில் அக்கா முதலிடம். மாலையில் ஃபைனல். நடுவில் ஓய்வெடுக்கத் திருக்கழுக்குன்றம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பதினொன்றரைக்கு பிரேக்கில்தான் அவருடைய மெசேஜைப் பார்த்தேன். "ஃபைனல் வந்துட்டேன்டி. சுகர் 340. இப்டியே கீதுன்னா சாயங்காலம் கால் வராது. காத்துகினு இருக்காம ஊசி போட்டுட்டேன்."

உடனே போன் செய்தேன். அவருடைய அம்மா எடுத்தார்.

"அசந்து தூங்குதும்மா. சாயங்காலம் ஓடணும்ல... எழுப்ப வாணாம்."

எழுப்புங்கள் என்று தொண்டை வரை வந்தது. பெரியவரிடம் எப்படி எதிர்த்துச் சொல்வது... "சரிங்க ஆன்ட்டி" என்று வைத்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு ஆன்ட்டியே எழுப்பப் போனபோது உடம்பு சில்லென்று இருந்ததாம். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"தூங்குதுன்னுதானேம்மா நெனச்சேன்..." என்று ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்த மெசேஜைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் போய், அக்கா ஊசி போட்டது எனக்குத் தெரிந்திருந்தது என்று நானே ஆன்ட்டியிடம் சொல்லிவிடுகிறேன். அவர் ஃபேஸ்புக்கில் இல்லை. தயவுசெய்து யாரும் எனக்கு முன்னால் சொல்லிவிடாதீர்கள்.

நேற்று ஃபைனலில் உங்கள் லேனைக் காலியாக விட்டுத்தான் ஓடினார்களாம் அக்கா...

பார்த்துப் போங்க.