உப்சாலாக்காரியிடம் நான் சொன்ன ‘பாப்பம்’

உப்சாலா என்று அவள் தன் ஊரின் பெயரைச் சொன்னபோது எனக்கு உப்பளம்தான் நினைவுக்கு வந்தது. உப்பு விளைகிற ஊரா என்று கேட்டும் விட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சுவீடனின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறதாம். இரட்டைக் கோபுரத் தேவாலயம், நகரின் நடுவே ஓர் ஆறு, தெரு முழுக்கச் சைக்கிளில் மாணவர்கள். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பந்தாட மெல்பேர்னுக்கு வந்தவள். வயது இருபத்துமூன்று.

நான் இந்நகரின் கிளேட்டன் பகுதியில் பிசியோதெரபிஸ்ட். அவளுடைய விளையாட்டுக் கழகம் அவளை என்னிடம் அனுப்பியபோது வலது முழங்கால் மூன்றாம் முறையாகப் போயிருந்தது. இங்கே அவள் ஆடியது நான்கே ஆட்டங்கள்.

“இனி என்னால் ஆட முடியுமா? முடியும் என்றால், எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கிடைத்திருக்கும் இடத்தை வேண்டாம் என்று எழுதிவிடுவேன்” என்றாள். முடியாது என்று எனக்குத் தெரியும். ஸ்கான் படமும் சொன்னது, தொட்டுப் பார்த்த கையும் சொன்னது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. பார்ப்போம் என்பதற்கு எங்கள் பேச்சில் உள்ள ‘பாப்பம்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

எங்கள் வீடுகளில் பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். புதுப் போன் கேட்டால் பாப்பம். நண்பர்களோடு சிட்னிக்குப் போகக் கேட்டாலும் பாப்பம். அதோடு பேச்சு முடிந்தது. அவளோ, இருவரும் சேர்ந்து உண்மையாகவே முயன்று பார்க்கப் போகிறோம் என்று எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் தவறவில்லை. வியர்த்து ஊற்ற, பல்லைக் கடித்துக்கொண்டு எடை தூக்கினாள். எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சிகிச்சையின் ஆறாவது கிழமை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குசினியில் கறியைக் கிண்டுவதை நிறுத்தினாள்.

“இஞ்சருங்கோ, நீங்கள் பாப்பம் எண்டால் இல்லை எண்டு எனக்கு விளங்கும். அந்தப் பிள்ளைக்கு எப்பிடி விளங்கும்? உங்கட விசாவுக்கு ‘பரிசீலனையில் இருக்கு’ எண்டு கடிதம் வரேக்க, அதை நம்பி எத்தினை வருசம் இருந்தனீங்கள்? மறந்து போட்டியளோ?”

சுருக்கென்றது. இனி ஒரு நாளும் தள்ளிப் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். மறுநாள் அவள் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னேன்.

“நீ இனிப் போட்டிகளில் ஆட முடியாது. முதல் நாளே எனக்குத் தெரியும்.”

இந்த முறை சொல்லை மாற்றவில்லை.

“முதல் நாளே?”

“முதல் நாளே.”

அவள் அழவில்லை. போன வெள்ளிக்கிழமைதான் பல்கலைக்கழகத்துக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன் என்றாள். எனக்குத் தலையில் இடி விழுந்தது. மன்னிப்புக் கேட்டேன். அது எனக்கே போதாமல் இருந்தது.

“திரும்பவும் விண்ணப்பிப்பேன். ஒரு வருடம் போகும்” என்றாள்.

காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வருடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாதா? அவள் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் சப்பாத்தைக் கழற்றி, சிகிச்சைக் கட்டிலில் ஏறிக் காலை நீட்டினாள்.

“அங்கே பழைய கட்டடங்கள். எல்லாவற்றிலும் லிப்ட் இல்லை. படி ஏறுகிற அளவுக்கு இதைச் சரியாக்க முடியுமா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.”

“ஆம்” என்றேன்.